பேச்சுத்துணைக்குச் சம்பளம் என்ன?

திண்டுக்கல் ஊருக்குள் மாடி வீடுகள் பலவற்றில் இப்போது கீழ்த்தளத்தில் மட்டும்தான் விளக்கு எரிகிறது. பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிறார்கள். அப்பாவையோ அம்மாவையோ பார்த்துக்கொள்ளப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் டவுன் பஸ்ஸில் வந்து போகிறார். கேட்டால் 'ஹோம் நர்ஸ்' என்பார்கள். ஆனால் பெரும்பாலோர் நர்ஸிங் படித்தவர்கள் அல்லர். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான் ஆர்.எம். காலனியில் ஒரு வீட்டுக்குப் போனேன்.

அங்கே இருப்பவர் எண்பதைத் தாண்டிய வாத்தியார். பக்கவாதத்தில் இடது பக்கம் தளர்ந்துவிட்டது. பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு வேடசந்தூர்ப் பக்கம் ஊர். நூல் மில்லில் கோன் வைண்டிங்கில் நின்று நின்று கால் வீங்கிப்போய், இந்த வேலைக்கு வந்தவர்.

படுத்திருந்தவரை அவர் அப்படியே தூக்கி நிறுத்தவில்லை. முதலில் ஒருக்களிக்க வைத்தார். கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, முதுகுக்குக் கை கொடுத்து உட்கார்த்தினார். அதன்பின் அவசரமே இல்லை. "சார், ராத்திரி மழை சத்தம் கேட்டுச்சா? இன்னிக்கு என்ன கிழமை சொல்லுங்க பார்ப்போம்" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அது முதலில் வெட்டிப் பேச்சாகத்தான் பட்டது. பிறகுதான் காரணம் புரிந்தது. முதியவர்கள் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். விழுந்தால் இடுப்பு எலும்பு போகும். பதில் தெளிவாக வருகிறதா, நாக்கு குழறுகிறதா, முகம் வெளிறுகிறதா என்று பார்ப்பதற்கே அந்தப் பேச்சு. பதில் ஒழுங்காக வந்த பிறகுதான் தளர்ந்த இடது பக்கம் போய் நின்றுகொண்டு, கையைப் பிடித்து இழுக்காமல், இடுப்பை அணைத்து எழுப்பினார்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் தலைகீழ். அரை ஸ்பூன் குழைந்த சாதம், வலது கடைவாய்ப் பக்கம். விழுங்கியது தொண்டையில் தெரிந்த பிறகுதான் அடுத்த வாய். வாத்தியார் ஏதோ கதை தொடங்க, "முழுங்கிட்டுச் சொல்லுங்க சார்" என்று நிறுத்திவிட்டார். பேசிக்கொண்டே விழுங்கினால் புரையேறும், சோறு மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரலில் சளி கட்டும். சாப்பிட்ட கையோடு படுக்கவும் விடவில்லை.

"மில்லுல மெஷினு நின்னா சூப்பர்வைசரு ஓடி வருவாரு. இங்க சார் பேச்சு நின்னாத்தான் எனக்குப் பயம்" என்றார்.

ஆனால் கூடத்து மூலையில் இருக்கும் கேமராவில் இதெல்லாம் தெரிவதில்லை. உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் ஒரு பெண்தான் தெரிகிறார். அதனால்தான் 'சும்மாதானே இருக்கீங்க' என்று துணி துவைக்கவும் மாடியைக் கூட்டவும் பிள்ளைகள் போனில் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் பெரியவர் தனியாகக் கழிவறைக்கு எழுந்து போய் விழுந்தால் பழி யார் மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியிருந்தார்கள். நாட்டுச் சராசரி எட்டரைதான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பி.பி., சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம். மாத்திரையை எடுத்துக் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்தில் நிற்க ஆள் வேண்டுமே.

அந்த ஆளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? இந்த அக்கா, ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்தவரைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். கிராமத்துப் பெண்களைச் சுகாதாரப் பணிக்குத் தயார்செய்யும் வழக்கம் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1947-ல் டாக்டர் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கிராம சுகாதாரப் பயிற்சிக்கென்றே 1964-ல் அங்கே ஒரு நிறுவனமும் வந்தது. முதியோரைப் பேணும் பெண்களுக்கும் ஒரு குறுகிய காலப் பயிற்சி ஊர் ஊராக நடந்தால் பாதி விபத்துகள் வராது என்பது என் கணிப்பு.

வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-லிருந்து தமிழகத்தில் தனி நல வாரியம் இருக்கிறது. அந்த அக்கா அதைக் கேள்விப்பட்டதே இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் வேலை நேரம், சம்பளம், வார விடுப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். துணி துவைக்க வேறு ஆள் வையுங்கள். வாரியத்தில் பதிவு செய்து வர, சம்பளம் பிடிக்காமல் ஒரு நாள் விடுங்கள்.