வலியில்லாத சிதைவு

என் அன்னையாரின் இடது இடுப்பு மூட்டு 2004-ஆம் ஆண்டில் மாற்றப்பட்டது. அதுவரை வாசற்படி இறங்கவே அஞ்சியவர், சில மாதங்களில் சந்தைக்குச் சென்று காய்கறிப் பையுடன் திரும்பி வந்தார். "வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொல்லும் காலத்தில் வந்து எக்ஸ்-ரே எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா" என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். நான்கு ஆண்டுகள் தவறாமல் சென்றோம். பிறகு, "வலிதான் இல்லையே, வீண் செலவு எதற்கு?" என்றார் அம்மா. நானும் அதற்கு இசைந்தேன். அவ்விசைவு இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

2019-இல் தொடையில் சிறு வலி கண்டது. எக்ஸ்-ரே படத்தில், செயற்கை மூட்டைச் சுற்றி எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் கரிய குழிகள் தெரிந்தன. "ஆஸ்டியோலிசிஸ்" என்றார் மருத்துவர். எலும்புக் கரைவு என்பது அதன் பொருள்.

முதுமையில் உடலெங்கும் எலும்பு மெலிவதைப் போன்றதன்று இது. குறிப்பிட்ட ஓரிடத்தில் எலும்பு கரைந்து குழியாகிவிடுகிறது. நடக்கும்போது மூட்டுக் கிண்ணத்திலுள்ள பிளாஸ்டிக், கண்ணுக்குப் புலப்படாத துகள்களாகத் தேய்ந்து உதிர்கிறது. அவற்றை விழுங்கும் வெள்ளணுக்கள் செரிக்க இயலாமல் அழற்சியைத் தூண்டுகின்றன. அதனால் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் அளவு மீறி வேலை செய்கின்றன. இவை யாவும் பல ஆண்டுகள் வலியின்றியே நடைபெறக்கூடும்.

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இம்மூட்டுச் சிகிச்சையை வளர்த்த ஜான் சார்ன்லி, முதலில் டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தினார். அவை விரைவில் தேய்ந்து, சுற்றியுள்ள திசுக்களைக் கெடுத்தன. காரணம் அறிய அவர் அப்பொருளைத் தம் தொடையிலேயே செலுத்திச் சோதித்தார்! 1962-இல் அவர் பாலிஎதிலீனுக்கு மாறினார். அதுவும் மெல்லத் தேய்ந்து எலும்பைக் கரைக்கும் என்பது பின்னரே தெளிவாயிற்று. 1990-களின் இறுதியில் வந்த உறுதிமிக்க பாலிஎதிலீன் அத்தேய்மானத்தைப் பெரிதும் குறைத்துள்ளது.

இச்சிதைவு இடுப்போடு நிற்பதன்று. மைலோமா என்னும் புற்றுநோயில் மண்டையோட்டிலும் முதுகெலும்பிலும் துளைகள் விழுகின்றன. பளுதூக்குவோரில் சிலருக்குக் காறையெலும்பின் தோள்நுனி கரைகிறது. தோலை இறுகச் செய்யும் ஸ்கிளீரோடெர்மா நோயில் விரல்நுனி எலும்புகள் தேய்கின்றன. கரைக்கும் உயிரணு பெரும்பாலும் ஒன்றே. அதை ஏவிவிடும் காரணந்தான் இடத்துக்கு இடம் வேறு. ஆகவே காரணம் காணாமல் சுண்ணாம்புச் சத்து மாத்திரையை மட்டும் விழுங்குவதால் பயனில்லை.

அம்மாவுக்கு மறு அறுவை செய்து, குழிகளை எலும்புத் துண்டுகளால் நிரப்பி, புதிய கிண்ணம் பொருத்தினார்கள். முதல் அறுவையைவிட அது நீண்டது, கடினமானது. எலும்பு முறியுமுன் வந்ததே நல்லதாயிற்று என்றார் மருத்துவர். அம்மா இப்போது கைத்தடியுடன் நடக்கிறார்.

செயற்கை மூட்டு உள்ளவர் உங்கள் இல்லத்திலும் இருக்கலாம். வலியில்லை என்பதை நலம் என்று நம்பியிராதீர்கள். பெட்டியில் கிடக்கும் மருத்துவச் சீட்டை எடுத்து, அடுத்த பரிசோதனை எப்போது என்று பாருங்கள். எங்கள் வீட்டு நாட்காட்டியில் அந்நாளை இப்போது அம்மாவே சிவப்பு மையால் வட்டமிட்டு வைக்கிறார்.