ஸ்பிரிங்கை மாத்தப் போறீங்களா? செட்டிபாளையத்துக்கு ஒரு ட்ரிப் அடிங்க!

கோவை உக்கடத்துல இருந்து போத்தனூர் வழியா தெற்கே போனா, செட்டிபாளையம். தென்னந்தோப்பு, டீக்கடை, ஊருக்கு நடுவுல வேகத்தடைனு பார்க்கிறதுக்கு சாதாரணக் கொங்கு ஊர்தான். ஆனா, ரேஸ் நடக்கிற நாள்ல போனீங்கன்னா, காத்துல டயர் கருகுற வாசனை உங்களைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போகும். கரி மோட்டார் ஸ்பீட்வே! 2003-ல் திறந்த ட்ராக். நீளம் சுமார் 2.1 கிலோமீட்டர்.

அந்தக் 'கரி' யாருன்னு தெரியுமா? எஸ்.கரிவரதன். இறக்குமதி ரேஸ் கார் வாங்க வசதி இல்லாத பசங்களும் ஓட்டணும்னு, மாருதி பாகங்களை வெச்சே 'ஃபார்முலா மாருதி' காரை உருவாக்கின கோவைக்காரர். 1995-ல் விமான விபத்துல இறந்துட்டார். 2005-ல் இந்தியாவோட முதல் ஃபார்முலா 1 டிரைவர் ஆன நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்தான். இன்ஜினீயரிங் பசங்க தாங்களே கட்டின கார்களோட மோதுற 'ஃபார்முலா பாரத்' போட்டியும் பல வருஷம் இங்கே நடந்திருக்கு.

சரி, ஸ்போர்ட்ஸ் காருக்கு சஸ்பென்ஷன் மாத்தணும்னு துடிக்கிற நண்பர் உங்க கேங்ல நிச்சயம் ஒருத்தர் இருப்பார். அவரை இங்கே இழுத்துட்டு வாங்க. ஸ்ட்ரெயிட்ல நிக்க வேண்டாம், வளைவு பக்கமா நிறுத்துங்க. கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அமுங்கும், உள்பக்கச் சக்கரம் லேசாகும். 'ஸ்பிரிங்கை டைட்டாக்கினா எடை சாயாது'ங்கிறது நம்ம பசங்க நம்புற முதல் கட்டுக்கதை. வளைவுல எவ்வளவு எடை இடம் மாறும்கிறதை முடிவு பண்றது காரோட எடை, வேகம், வளைவோட அளவு, ஈர்ப்பு மையத்தின் உயரம், சக்கரங்களுக்கு நடுவுல இருக்கிற அகலம். ஸ்பிரிங் மாத்துறது, அந்தச் சுமையை முன்னாடியும் பின்னாடியும் பங்கு போடுற விதத்தை மட்டும்தான்.

கொஞ்சம் கணக்கு, கொட்டாவி விடாதீங்க! மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி சுமார் 1,000 கிலோ கார். ஒரு மூலைக்கு 250 கிலோ. சக்கரத்துல கணக்கிட்ட ஸ்பிரிங் வலு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன்னா, கார் விநாடிக்கு 1.4 தடவை மேலும் கீழும் ஆடும். ஸ்பிரிங் வலுவை ரெண்டு மடங்காக்கினா, 2 தடவை. வழவழனு இருக்கிற ட்ராக்ல இது சூப்பர். குண்டும் குழியுமா இருக்கிற ரோட்டுல சக்கரம் தரையை விட்டு எகிறும். தரையைத் தொடாத டயருக்கு பிரேக்கும் கிடையாது, ஸ்டீயரிங்கும் கிடையாது. உங்க பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருக்கிற தங்கச்சியோட உயிர் அந்த உள்ளங்கை அளவு ரப்பர்லதான் இருக்கு.

ஆன்ட்டி ரோல் பார் இன்னும் விவகாரம். அதோட வலு, விட்டத்தின் நாலாவது மடியில ஏறும். 20 மில்லிமீட்டர் கம்பியை 22 ஆக்கினா, ரெண்டு மில்லிமீட்டர்தானேனு தோணும். வலு 46 சதவிகிதம் கூடிடும்! பின்பக்கம் மட்டும் இப்படி ஏத்தினா, பின்சக்கரங்களோட மொத்தப் பிடிமானம் குறையும். மழை நாள்ல கார் பம்பரமாச் சுத்த அது போதும்.

ட்ராக் ஓரமா மெக்கானிக் அண்ணன்கள் வேலை பார்க்கிறதை வேடிக்கை பாருங்க. டயர்ல காத்து எவ்வளவுனு பார்ப்பாங்க, அலைன்மென்ட் பார்ப்பாங்க, டேம்பரை ஒரு கிளிக் திருப்புவாங்க. செலவே இல்லாத வேலைகள்தான் முதல்ல! நீங்களும் அந்த ஆர்டர்லயே போங்க. முதல்ல தேய்ஞ்ச புஷ், பால் ஜாயின்ட்டை மாத்துங்க. அடுத்து நல்ல டயர், அலைன்மென்ட். அதுக்கப்புறம் டேம்பர். அதுக்குப் பொருத்தமா ஸ்பிரிங். கடைசியாத்தான் ஆன்ட்டி ரோல் பார். பல பேர் தலைகீழா ஆரம்பிக்கிறாங்க. வலுவான ஸ்பிரிங்கைப் போட்டுட்டு பழைய டேம்பரை விட்டா, அதால ஆட்டத்தை அடக்க முடியாது. ஸ்பிரிங்கை வெட்டி காரை இறக்குறது அதைவிட மோசம். பள்ளத்துல சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடத்தை விட்டே கழண்டுக்கலாம்.

இன்னொண்ணு, மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிடுச்சு. அதனால ஆர்.டி.ஓ ஆபீஸ்லயும் இன்ஷூரன்ஸ்லயும் கேட்டுட்டு அப்புறமா பர்ஸைத் திறங்க.

இப்போ ஊருக்குத் திரும்புங்க. வேகத்தடைக்கு அரசு வகுத்த அளவு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். நம்ம தெருக்கள்ல அந்த அளவை மதிக்கிற வேகத்தடையை விரல் விட்டு எண்ணிடலாம். நாலு சென்டிமீட்டர் இறக்கின கார் இதுல ஒவ்வொண்ணா உரசிட்டுப் போறதைக் கற்பனை பண்ணிப் பாருங்க. ட்ராக்ல ஓட்டுறது வருஷத்துக்கு ரெண்டு நாள். மீதி 363 நாளும் இந்த ரோடுதான் பாஸ்.

கையில இருக்கிறதை வெச்சே கரிவரதன் ரேஸ் காரைக் கட்டினார். உங்க காருக்கும் முதல்ல கையில இருக்கிறதைச் சரி பண்ணுங்க. மிச்சமாகிற காசுல ஒரு டிராக் டேவுக்கு என்ட்ரி போடுங்க. வேகத்தைக் காட்ட வேண்டிய இடம் அவினாசி ரோடு இல்லை... செட்டிபாளையம்!