அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து

கும்பப்பூ அறுத்து முடிந்து, குளங்களில் நீர் வடியத் தொடங்கும் மாசியும் பங்குனியும்தான் நாஞ்சில் நாட்டில் கல்வெட்டு படிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வேலைக்காலம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மடைக்கல்லில் எழுத்து இருப்பதாக ஐப்பசியில் ஒருவர் சொன்னால், அந்தக் கல் ஆளுயரத் தண்ணீருக்குள் இருக்கும். மேற்கே விளவங்கோட்டுப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குள் கிடக்கும் பாறைகளில் பாசி ஏறி எழுத்தை மூடியிருக்கும். மழை ஊறி அமிலத்தன்மை ஏறிய செம்மண்ணில் எலும்பு நிலைப்பது அரிது. அதனால் இங்கே பழங்காலத்தைத் தேடுகிறவர் பெரும்பாலும் கல்லைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

கல் எங்கும் இருக்கும். கோயில் அதிட்டானத்தில், குளத்து மடையில், வழியோரச் சுமைதாங்கியில், படித்துறையில், சில வீடுகளில் துணி துவைக்கும் இடத்தில். நாங்கள் ஒரு கல்லைக் கழுவத் தொடங்கினால் ஊர் கூடிவிடும். இளைஞர்கள் கேட்பது ஒன்று: “புதையல் இருக்குண்ணு எழுதியிருக்கா சார்?” வயதானவர்கள் கேட்பது வேறு: “நம்ம கோயிலுக்கு எத்தன வயசு இருக்கும் பிள்ளே?” இந்த இரண்டாவது கேள்வி என்னை விட்டு அகன்றதே இல்லை. கேட்கிறவருக்கு வேண்டியது ஓர் எண். அந்த எண்ணை எப்படிச் சொல்வது என்பதில்தான் களப்பணியும் அறிவியல் எழுத்தும் சந்திக்கின்றன.

முதலில் வேலையைச் சொல்கிறேன். கல்வெட்டை மைப்படி எடுப்பதற்குக் கல்லை நார்த் தூரிகையாலும் தண்ணீராலும் சுத்தமாக்க வேண்டும். சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த சுவர் என்றால் நேரம் பிடிக்கும். பிறகு நனைத்த தாளைக் காற்றுக்குமிழ் இல்லாமல் கல்லில் ஒட்டி, கெட்டியான மயிர்த் தூரிகையால் அடிக்க வேண்டும். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். பாதி உலர்ந்த பக்குவத்தில், விளக்குப் புகைக்கரியைக் கோந்தில் குழைத்த மையைத் துணிப்பொதியில் தொட்டு ஒற்றிக்கொண்டே போக வேண்டும். மேடான பரப்பு கறுக்கும். பள்ளத்தில் கிடக்கும் எழுத்து வெள்ளையாக எழுந்து வரும். மை கூடினால் எழுத்தின் ஓரம் மழுங்கும். குறைந்தால் கல்லின் புரையும் எழுத்தும் ஒன்றாகத் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்று எழும்புவதற்கு முன் விடியற்காலையிலேயே முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் தாள் நம் கையில் நிற்காது.

படி கைக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. பாண்டிய நாட்டின் பெரும்பகுதியில் சோழர் ஆட்சியோடு தமிழெழுத்து வழக்குக்கு வந்துவிட்டது. வேணாட்டுப் பக்கம் வட்டெழுத்து அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் நீடித்தது. அதில் ப, வ, ய மூன்றும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா என்று எழுத்து சொல்லாது. சொற்றொடர்தான் சொல்ல வேண்டும். ஒரே வரியை ஒருவர் நிலதானமாகவும் இன்னொருவர் நெல்தானமாகவும் வாசிக்க வாய்ப்பு உண்டு.

இதற்காகக் கல்வெட்டியலில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஐயமான எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் இடுவோம். சிதைந்துபோன எழுத்துகளுக்குப் புள்ளிகள். வெட்டியவர் விட்டுவிட்டதை நாமே சேர்த்தால் அதற்கு உடுக்குறி. வாசிப்பில் எது கல்லில் இருப்பது, எது என் ஊகம் என்பதை அடுத்தவர் ஒரு பார்வையில் பிரித்துவிடலாம். இந்தச் சிறு குறிகளை எங்கள் தொழிலின் அறம் என்றே நான் கருதுகிறேன். பொதுவாசகருக்காக எழுதும்போது முதலில் காணாமல் போவதும் இவைதான். ‘இருக்கலாம்’ என்பது ‘இருந்தது’ ஆகிறது. ‘இந்தச் சுவரின் காலம்’ என்பது ‘இந்தக் கோயிலின் காலம்’ ஆகிறது. நான் வாதாட விரும்புவது இதற்காகத்தான்: கல்வெட்டுத் தொகுதியில் இருக்கும் அடைப்புக்குறிக்கு நாளிதழ்க் கட்டுரையிலும் ஓர் இடம் வேண்டும். குறியாக இல்லாவிட்டாலும் வாக்கியமாக.

கோயிலின் வயதைக் கேட்ட முதியவர் ஒருவரிடம் ஒருமுறை இப்படிச் சொன்னேன்: “பாட்டா, இந்தச் சுவர்ல இருக்கிறது கொல்லம் ஆண்டு. அதுக்கு முன்னாடியே கோயில் இருந்திருக்கணும். எவ்வளவு முன்னாடிண்ணு இந்தக் கல்லு சொல்லல்ல.” அவர் சற்று யோசித்துவிட்டு, “கல்லு சொன்னத மட்டும் சொல்லுகே, அது போரும்” என்றார். சாதாரண மனிதர்களுக்கு ஐயத்தைத் தாங்கும் வலு இல்லை, உறுதியான எண்ணைக் கொடுத்தால்தான் படிப்பார்கள் என்று பத்திரிகைகள் சொல்வதை நான் ஏற்பதில்லை. மழை வருமா, மீன் படுமா என்ற ஐயத்தோடு தலைமுறைகளாக வாழும் மக்கள் இவர்கள்.

இந்த மண்ணில் எழுதியவர்களும் கல் சொன்னதைக் கொண்டே எழுதினார்கள். மனோன்மணீயம் தந்த பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) திருவிதாங்கூரின் ஆரம்பகால அரசர்களைப் பற்றி 1894இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வு, செவிவழி வரலாற்றை விட்டுவிட்டுக் கல்வெட்டுகளில் உள்ள ஆண்டுகளைக் கொண்டு வேணாட்டு மன்னர்களை வரிசைப்படுத்தியது. அறிவுத்துறைகளை வகைப்படுத்தி விளக்கும் ‘நூற்றொகை விளக்கம்’ என்ற தமிழ் உரைநடை நூலும் அவருடையதே. 1908இல் திருவிதாங்கூர் அரசின் தொல்லியல் பொறுப்பை ஏற்ற து. அ. கோபிநாத ராவ் தொடங்கிய திருவிதாங்கூர் தொல்லியல் வெளியீட்டு வரிசைதான் இன்றும் எங்கள் கைநூல். தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையைக் குழந்தைப் பாடல்களால் தமிழுலகம் அறியும். அவர் நாஞ்சில் நாட்டுக் கல்வெட்டுகளையும் ஓலை ஆவணங்களையும் தேடிப் படித்தவர். ‘காந்தளூர்ச் சாலை’ என்ற ஆய்வுநூலின் ஆசிரியர். கே. கே. பிள்ளை சுசீந்திரம் கோயிலைப் பற்றி எழுதிய பெருநூல் 1953இல் வந்தது. பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதிய கைதான் கல்வெட்டில் சிதைந்த எழுத்தோடும் போராடியது என்பது எனக்குப் பெரிய ஊக்கம். எளிமைக்கும் துல்லியத்துக்கும் பகை இல்லை என்பதற்குக் கவிமணியே சான்று.

ஒரு பொருளின் பொருள் அது இருக்கும் இடத்தில் பாதி இருக்கிறது என்பதைச் சிதறால் எனக்குக் கற்பித்தது. மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறாலில் உள்ள திருச்சாரணத்து மலையில் தீர்த்தங்கரர் உருவங்களும் இயக்கியர் உருவங்களும் பாறையிலேயே புடைப்பாக வெட்டப்பட்டுள்ளன. அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு, ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், பேராயிற்குடி அரட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண்துறவி, பட்டாரியார் என்ற பெண்தெய்வத்துக்குப் பொன் அணிகலன் கொடுத்ததைச் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கும் முன்னால் இந்த மலையில் ஒரு பெண் சமய ஆசானாக மதிக்கப்பட்டாள் என்று நாம் அறிவது இந்தச் சில வரிகளால். பாறையைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாததால் எழுத்தும் உருவமும் மலையும் பிரியாமல் நிற்கின்றன.

ஆனால் 28ஆம் ஆட்சியாண்டு என்பது நமக்கு எந்த ஆண்டு? கல் சொல்லவில்லை. மன்னன் எப்போது அரியணை ஏறினான் என்பதை வேறு ஆவணங்களிலிருந்து கணக்கிட வேண்டும். அதனால்தான் 9ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று சொல்கிறோம். இந்த ‘அல்லது’ அறியாமையைக் காட்டவில்லை. அறிவின் எல்லையைக் காட்டுகிறது.

அகழாய்வுக் குழியிலும் இதே பாடம். தாமிரபரணிக் கரையில் மண்ணைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு பானை ஓட்டை எடுப்பதற்கு முன் அதன் ஆழத்தையும், எந்த மண்ணடுக்கில் எதன் அருகே கிடக்கிறது என்பதையும் குறித்தாக வேண்டும். எடுத்த பிறகு குறிக்க முடியாது. அகழாய்வு என்பது நாம் படிக்கும் ஏட்டைப் படித்தபடியே கிழித்துவிடும் வேலை. 1968–69இல் கொற்கையில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 785 என்று வந்தது. ஆய்வகம் அதைக் கூட்டல் கழித்தல் வரம்போடுதான் தரும்; பேச்சில் தங்குவது எண் மட்டும்.

அண்மையில் சிவகளை. அங்கே முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்ற காலம் வந்ததை 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தச் செய்தியில் எனக்கு மகிழ்ச்சி தந்தது பழமை மட்டும் இல்லை. மாதிரி நெல்லாக இருந்ததும்தான். கரிமம்-14இன் அரைவாழ்வு 5,730 ஆண்டுகள். உயிர் பிரிந்ததும் அதன் வரத்து நின்றுபோகிறது. மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக் காலத்தைக் கணக்கிடுகிறார்கள். பெரிய மரத்தின் நடுவைரக் கரி என்றால், அது மரம் வளர்ந்த காலத்தைக் காட்டும். எரித்த காலம் நூறாண்டுகள் பிந்தியதாக இருக்கலாம். நெல்லுக்கு வயது ஒரு பருவம். அந்தத் தடுமாற்றம் அதில் இல்லை. 2025 ஜனவரி 23இல் வெளியான ‘இரும்பின் தொன்மை’ அறிக்கையில் சிவகளைக் கரி மாதிரி ஒன்றுக்கு கி.மு. 3345 என்ற காலம் தரப்பட்டுள்ளது. இதை எழுதும்போது, காலம் கணிக்கப்பட்டது கரி என்பதையும், கரிக்கும் இரும்புக்கும் உள்ள உறவு அவை சேர்ந்து கிடந்த இடத்தால் நிறுவப்படுகிறது என்பதையும் ஒரு வாக்கியத்தில் சேர்க்க வேண்டும். அந்த வாக்கியம் பெருமையைக் குறைக்காது. வெளியே கேள்வி எழும்போது பெருமையைக் காப்பாற்றப்போவதே அந்த வாக்கியம்தான்.

குமரி மாவட்டத்தில் எழுதுகிறவர் தப்ப முடியாத இன்னொரு கேள்வி குமரிக்கண்டம். இதைக் கேட்கிறவர்களை ஏளனமாகப் பார்க்கும் படித்தவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் மணக்குடியிலும் கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ட மக்களிடம் கடல்கோள் என்பது கதை என்று சொல்ல முடியாது. அவர்களுக்குத் தர வேண்டியது பிரித்துச் சொல்லும் பதில். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. குமரிமுனைக்குத் தெற்கே நம் மீனவர்கள் தொழில் செய்யும் வாட்ஜ் பேங்க் ஆழங்குறைந்த கடலடி மேடு. இன்றைய கரைக்கு அப்பால் அன்று நிலம் இருந்திருக்கிறது. இலங்கையும் இந்தியாவும் ஒட்டியிருந்தன. இவ்வளவும் நிலவியல் ஏற்பது. குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்ற பெரும் கண்டம் மூழ்கியது என்பது 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர், லெமூர் விலங்குகளின் பரவலை விளக்க முன்வைத்த கருதுகோள். நிலத்தட்டுகள் நகர்கின்றன என்பது நிறுவப்பட்ட பின் அதற்குத் தேவை இல்லாமல் போயிற்று. முதலாவதை உறுதியாகவும், இரண்டாவது ஏன் கைவிடப்பட்டது என்பதைக் காரணத்தோடும் சொன்னால், மக்கள் கேட்கிறார்கள். நான் பேசிய மீனவக் கிராமங்களில் கடைசியில் கேள்விகள் கடலடி மேட்டைப் பற்றியும், அங்கே என்ன கிடைக்கக்கூடும் என்பதைப் பற்றியுமாகத் திரும்பியிருக்கின்றன.

சிதறாலைப் போல் அல்லாமல், எழுத்தும் இடமும் பிரிந்துபோனதற்கும் இங்கே ஒரு சான்று உண்டு. முஞ்சிறைக்கு அருகே பார்த்திவபுரம் இருக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் பெற்று அங்கே விஷ்ணு கோயிலும், 95 சட்டர்கள் தங்கிப் படிக்கும் சாலையும் அமைத்ததைச் செப்பேடு ஒன்று சொல்கிறது. இடங்கள் 45, 36, 14 என மூன்று வேதப் பிரிவுகளுக்குப் பிரிக்கப்பட்டிருந்தன. காந்தளூர்ச் சாலையே அதற்கு முன்மாதிரி. அந்தச் செப்பேடு திருவனந்தபுரம் ஹஜூர் அலுவலகத்தில் இருந்ததால் ஆய்வுலகில் ‘ஹஜூர் அலுவலகச் செப்பேடு’ என்றே அறியப்படுகிறது. 1956 நவம்பர் 1இல் நம் வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. நம் ஆவணங்களில் பல அங்கேயே நின்றன. ஊர்ப் பெயர் ஆவணத்திலிருந்தும், ஆவணம் ஊரிலிருந்தும் விலகிவிட்டன.

இரண்டையும் திரும்பச் சேர்க்க ஒரு வழி உண்டு. அந்தச் செப்பேடு தன் நாளைக் கலியுகத்தின் 14,49,087ஆம் நாள் என்று குறிக்கிறது. இதை ஓர் ஆண்டுக்கு 365.2587 நாள் என்ற கணக்கில் வகுத்தால் 3,967 ஆண்டுகளும் 105 நாட்களும் கிடைக்கும். கலியுகம் கி.மு. 3102இல் தொடங்கியதாகக் கொள்வது மரபு. இடையே சுழிய ஆண்டு இல்லாததால் ஒன்றைக் குறைத்து, 3,967இல் 3,101ஐக் கழித்தால் கி.பி. 866. சித்திரையிலிருந்து 105 நாள் எண்ணினால் ஆடி மாதம். இன்றைய கணக்கில் ஜூலை. பார்த்திவபுரத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை தன் நோட்டில் செய்து முடிக்கக்கூடிய வகுத்தல் இது.

அந்தப் பிள்ளைக்கு 866 என்ற விடையை மட்டும் கொடுத்தால், அதைவிடப் பெரிய எண் ஒன்றை வேறொருவர் சொல்லும் நாளில் அவளால் இரண்டையும் எடைபோட முடியாது. வகுத்தலையும் சேர்த்துக் கொடுத்தால் முடியும். கலியுகத் தொடக்கம் ஒரு மரபு, ஆண்டின் நீளம் ஒரு கணிப்பு, கல்லிலோ செம்பிலோ இருப்பது நாளின் எண் மட்டும் என்பதை அவளே பிரித்துப் பார்ப்பாள். அறிவியல் எழுத்து என்று நான் நம்புவது இந்த ஒப்படைப்பைத்தான். நாங்கள் படித்ததைப் படித்ததாகவும், ஐயுற்றதை ஐயமாகவும் எழுதி வைத்தால், அடுத்து வருகிறவர் எந்த எழுத்திலிருந்து தன் வேலையைத் தொடங்க வேண்டும் என்று அறிந்துகொள்வார்.