பழைய மோட்களும் புதிய பதிப்பும்

கணினி விளையாட்டைப் பற்றி ஆண்டு மலரில் எழுதுதல் தகுமோ என அன்பர் சிலர் ஐயுறலாம். அதற்கும் மூலமும், பதிப்பும், பிறர் இயற்றிச் சேர்த்த உறுப்புக்களும் உண்டு. ஆதலின் தமிழ் மாணவன் அதில் நாட்டங்கொள்வது வியப்பன்று.

பெத்தெஸ்டா நிறுவனத்தார் 2011-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் வெளியிட்ட ஸ்கைரிம் என்னும் விளையாட்டில், ஆடுவோர் தாமே வீடும் ஆடையும் மாந்தரும் கதையும் படைத்துக் கூட்டலாம். அங்ஙனம் கூட்டப்படுவன மோட்கள் எனப்படும். இதற்கென அந்நிறுவனத்தார் 2012-இல் கிரியேஷன் கிட் என்னும் கருவியையும் விலையின்றி அளித்தனர். என் தமையனார் பள்ளியில் பயின்ற நாளில் அக்கருவியைக் கொண்டு இலினால்டா ஏரிக்கரையில் ஒரு சிறு வீடு சமைத்தார். அதன் திண்ணையில், மறைந்த எம் பாட்டனாரின் சாயலில் ஒரு முதியவரை அமர்த்தியிருந்தார். எங்கள் வீட்டில் பாட்டனாரின் நிழற்படங்கள் மிகச் சில. ஆதலின் அம்முதியவரை யாம் வெறும் விளையாட்டுப் பொம்மையாகக் கருதியதில்லை.

2016-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் ஸ்பெஷல் எடிஷன் என்னும் புதுப்பதிப்பு வெளிவந்தது. பழையது 32 பிட் அமைப்பினது. 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தை அதனால் ஆள இயலாது. மோட்கள் மிகுந்தால் ஆட்டம் நடுவிலேயே அணைந்துபோகும். புதியது 64 பிட் அமைப்பினது ஆதலின் அவ்விடர் பெரிதும் தீர்ந்தது. ஆயினும் பழைய மோட்கள் அனைத்தும் அதில் அப்படியே பொருந்தவில்லை. கதையோட்டத்தை நடத்தும் கட்டளை ஏடுகள் பெரும்பாலும் மாற்றமின்றி இயங்கின. மோட்டின் தலைமைக் கோப்பையோ புதிய கிரியேஷன் கிட்டில் திறந்து மீண்டும் சேமித்தல் வேண்டும். அசைவுக் கோப்புகளை 64 பிட்டுக்கு மாற்றுதல் வேண்டும். உருவக் கோப்புகளையும் அதற்குரிய கருவியாற் செப்பனிடுதல் வேண்டும்.

இவற்றினும் கடியன எஸ்.கே.எஸ்.இ. என்னும் நீட்சியைச் சார்ந்த மோட்கள். அவற்றுட் சில, விளையாட்டின் உள்ளே இன்ன செயல் இன்ன முகவரியில் உளது என எண்ணாற் சுட்டி இயங்குவன. மூல நிரல் மறுபடி தொகுக்கப்படுந்தோறும் அவ்வெண்கள் இடம்பெயரும். தொல்காப்பிய உரையாசிரியர்கள் சூத்திரங்களைப் பிரிக்கும் முறையில் வேறுபடுவதால், ஓருரையின் எண்ணைக் கொண்டு மற்றோருரையிற் தேடுவோர் படும் இடர்ப்பாட்டை எம் வகுப்பினர் நன்கறிவர், இஃதும் அத்தகையதே. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் ஆண்டுநிறைவுப் பதிப்பு வந்தபொழுது இவ்வகை மோட்கள் மீண்டும் குலைந்தன. பலர் பழைய 1.5.97-ஆம் பதிப்பிற்கே திரும்பினர். பின்னர், பதிப்புதோறும் மாறும் முகவரிகளை நிலையான எண்களோடு இணைத்துக் காட்டும் அட்டவணை ஒன்று பலருக்கும் கைகொடுத்தது. ஊதியம் கருதாது அதனைத் தொகுத்தோரின் உழைப்பு, பதிப்பாசிரியர் உழைப்பிற்கு எட்டுணையும் தாழ்ந்ததன்று என்பேன்.

நிற்க. தமையனாரின் வீட்டைப் புதுப்பதிப்பிற்கு மாற்றும் பணியைச் சென்ற கோடை விடுமுறையில் யான் மேற்கொண்டேன். சுவரும் கூரையும் விளையாட்டிற்கே உரிய பொருள்கள் ஆதலின் இடரின்றி நின்றன. முதியவரின் முகமோ கரியதாய், உடலோடு ஒட்டாத நிறத்ததாய்த் தோன்றிற்று. அதனைக் கண்ட அன்னையார், “இவரையா நம் ஐயா என்றாய்?” என வினவினார். முகக் கோப்பைப் புதிய கருவியில் மறுபடி உண்டாக்கிய பின்னரே பாட்டனாரின் நிறம் மீண்டது.

அயல்நாட்டில் பணிபுரியும் தமையனார் தொலைபேசியில், “உனக்கு வேண்டியவாறு திருத்திக்கொள், யாருக்கு வேண்டுமாயினும் கொடு,” என்றார். ஆயினும் அவ்வீட்டுள் இருந்த புத்தக அலமாரி அவர் செய்ததன்று. பெயரறியாத ஒருவர் பழைய பதிப்பிற்கெனச் செய்து, தம் இசைவின்றி மாற்றி வெளியிடலாகாது எனக் குறித்திருந்தது. எனக்கென மாற்றி வைத்துக்கொள்வதில் தீங்கில்லை என்பது என் கருத்து. ஆனால் விடுதி நண்பர் இருவர் அவ்வீட்டைத் தமக்கும் தருமாறு கேட்டனர். “செய்தவரே பல்லாண்டுகளாக அப்பக்கம் வரவில்லையே, யார் கேட்கப்போகிறார்?” என்றார் ஒருவர். கேட்பாரில்லை என்பதும் கொடுத்துவிட்டார் என்பதும் ஒன்றாகுமா? ஆசிரியர் மறைந்தமையாற் பயனுள்ள மோட்கள் பல அழிகின்றன என்பது மெய்யே. அவ்விழப்பு எனக்கும் வருத்தந் தருவதே. எனினும் உயிரோடு இருக்கக்கூடும் ஒருவரின் சொல்லை அவர் இல்லாத வேளையில் அழிக்க என் மனம் ஒருப்படவில்லை.

அவருக்கு ஒரு மடல் விடுத்தேன். இதனை எழுதும் இந்நாள்வரை மறுமொழி வந்திலது. நண்பர்க்கு அலமாரியை நீக்கிய வீட்டையே அளித்துள்ளேன். அதிலிருந்த புத்தகங்களைத் திண்ணை முதியவரின் அருகே தரைமீது அடுக்கி வைத்திருக்கிறேன்.