சேற்றுக் குறிப்புகள்

காலை. கடல் வற்றியிருக்கும் நேரம். பினாங்கில், சுங்கை பினாங் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் தண்ணீர் கொஞ்சம், சேறு நிறைய.

பினாங் என்றால் பாக்கு. பாக்கு ஆறு. நின்ற இடத்திலிருந்து ஒரு பாக்கு மரமும் தென்படவில்லை.

தண்ணீர்மலையிலிருந்து இறங்கும் ஓடையும் ஆயர் ஈத்தாம் ஆறும் இதில்தான் சேர்கின்றன. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் போகிறோம். அந்தத் தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்று கேட்டதில்லை.

பக்கத்தில் ஜெலுத்தோங். அது ஒரு மரத்தின் பெயர். பால் மரம். சூயிங்கம் செய்ய அந்தப் பாலைக் கப்பலேற்றிய காலம் உண்டு. சதுப்பில் வளரும் வகையும் இருக்கிறது.

நீர் உடும்பு. வடிகால் வாயில் தலை மட்டும். அசையவில்லை.

சேற்றில் தத்தும் மீன். மலாயில் பெலாச்சாக். துடுப்பை ஊன்றி நடக்கிறது. தோலில் ஈரம் இருக்கும்வரை வெளியே தாங்கும்.

பெரிய சதுப்பைப் பார்க்க மாத்தாங் போக வேண்டும். பேராக், தைப்பிங் பக்கம். ஏறக்குறைய 40,000 ஹெக்டேர் கண்டல் காடு. நூறாண்டுக்கு மேலாகக் கணக்கு வைத்து வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்துக்குத் திரும்ப 30 ஆண்டு.

அந்தக் கணக்கில் ஒரு கோல் வருகிறது. 15ஆம் ஆண்டில் 4 அடிக் கோல். விட வேண்டிய மரத்தைச் சுற்றி, கோல் எட்டும் தூரத்தில் நிற்பதையெல்லாம் வெட்டு. 20ஆம் ஆண்டில் 6 அடிக் கோல்.

அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவரும் காட்டைக் காக்கலாம்.

வெட்டிய கழி கட்டடத்துக்கு அடியில். இளகிய மண்ணில் கடைக்கால் நிற்க பாக்காவ் கழி, அதாவது கண்டல் கழி, இறக்குவது இங்கே பழைய வழக்கம்.

முற்றிய மரம் கரிச்சூளைக்கு. கோலா செபெத்தாங். 40 டன் பச்சை மரத்துக்கு 10 டன் கரி. வெந்துவிட்டதா என்பதைப் புகையை மோந்தே சொல்கிறார்கள்.

அந்த ஊரின் பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில், 1885, தைப்பிங்குக்கும் அதற்கும் இடையே. தண்டவாளம் போய்விட்டது. ரயில் நிலையப் பெயர்ப்பலகை இருக்கிறது. அதில் தமிழும்.

கெராங். சார் குவேத்தியாவில் போடும் மட்டி. வளர்வது கடலோரச் சேற்றில். தண்ணீரை உள்ளே இழுத்து, வடித்துத் தின்கிறது. தண்ணீரில் என்ன கலந்திருக்கிறதோ அது அதன் சதையில்.

இரவு. மறுபடி பினாங் ஆற்றுப் பக்கம். சாப்பாட்டுக் கடை மூடும் நேரம். ஒருவர் எண்ணெய்ச் சட்டியோடு லோங்காங் (சாக்கடை) பக்கம் போனார்.

"அண்ணே, அது ஆத்துக்குத்தான் போவும்."

நின்றார். திரும்பிப் போய் டின்னில் ஊற்றினார்.

கடை வைத்திருப்பவர்களுக்கு: பழைய எண்ணெயை டின்னில் பிடித்து வையுங்கள். காசு கொடுத்து வாங்கிப் போக ஆள் இருக்கிறது.