பாட்டா கழன்ற கால்

இடது கால் பாட்டா கழன்றது எனக்குத் தெரியாது. பள்ளிக்குப் போகும் மணல் ஒழுங்கையில் அது பின்னால் கிடக்க, நான் ஒற்றைப் பாட்டாவோடு பெரிய மனுசன் மாதிரிப் போய்க்கொண்டிருக்கிறேன். "சாச்சா, உங்கட பாட்டா" என்று ஒரு பொடியன் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

காய்ச்சல் விட்டுப் பத்தாம் நாள், விடிய எழும்பப் பார்த்தால் தொப்புளுக்குக் கீழே ஆளே இல்லை. உம்மா, "நாரி புடிச்சிருக்கு" என்று எண்ணெய் பூசினா. பிறகு டொக்டர் பஞ்சால் பாதத்திலிருந்து தொட்டுத் தொட்டு மேலே வந்தார். "இப்ப?" "இல்ல." தொப்புளடியில்தான் "ஓம்" என்றேன். அந்த இடத்தில் பேனையால் கோடு போட்டார். காணிக்கு எல்லை போடுகிற மாதிரி.

முதுகெலும்புக்குள் ஓடுகிற முண்ணாண் நம்முடைய சின்னவிரல் தடிப்புத்தான். காய்ச்சலோடு சண்டைக்கு வந்த எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி அதைக் குறுக்காக அடித்துவிடுமாம். வருசத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவரிலிருந்து எட்டுப் பேர் வரைக்கும் வருகிற வருத்தம். 2012 கணக்கில் அம்பாறை மாவட்டத்துச் சனமே ஆறரை லட்சம். மாவட்டத்துப் பங்கை நானே எடுத்துக்கொண்டேன் போல. ஐந்து நாள், நாளுக்கு ஒரு கிராம் ஸ்டீரொயிட் சேலைனோடு ஏறியது; வாயெல்லாம் இரும்புக் கசப்பு. மூன்றில் ஒரு பங்குப் பேர் நன்றாக எழும்புவார்கள், ஒரு பங்கு அரைகுறை, ஒரு பங்கு எழும்பவே மாட்டார்கள் என்பது பழைய கணக்கு. நான் நடுப்பங்கு.

தொழுகைக்குக் கதிரை. மூலவியாதிக்காரரான இம்ரான் பின் ஹுஸைன் (ரழி) கூச்சப்படாமல் நபியவர்களிடம் கேட்டதால்தான், நிற்க ஏலாதவன் இருந்து தொழலாம் என்பது புகாரியில் பதிவாகிக் கிடக்கிறது. ஸஃப்பின் ஓரத்தில் அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் இருக்கும்போதெல்லாம் அவருக்கு துஆச் செய்கிறேன். ஒளுவில் கடைசியாகக் காலுக்கு வரும்போது, கிணற்றுத் தண்ணீர் வலது காலில் குளிரும், இடது காலில் சுடும். ஒரே வாளித் தண்ணீர்.

காலைப் பார்த்துப் பார்த்தே நடப்பதால் நிலையில் தலை இடிபடுகிறது. அப்போதெல்லாம் மருதமுனைப் பெரியவாப்பாவின் ஞாபகம்தான். குழித்தறியில் இடுப்பு வரைக்கும் இறங்கி இருந்து சாறன் நெய்வார். கண் துணியில், கை நாடாவில், வாய் ஊர்க் கதையில். குழிக்குள் கால் என்ன செய்கிறது என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. கரண்ட் போனாலும் தறிச் சத்தம் நிற்காது. ஏழு வயதில் நான் குழிக்குள் எட்டிப் பார்த்தேன்: வெடித்த குதிகால் இரண்டும் மிதிகட்டையில் மாறி மாறி, யாரோ வேறு ஆளுடைய கால் மாதிரி. "கீழ என்னடா பாக்கிறாய்? துணியப் பாரு" என்று தலையில் குட்டினார்.

போன கிழமை, எனக்குத் தம்பி முறையான அவர் மகனின் தறியில் என்னைப் பிடித்து இருத்தினார்கள். இடது கால் மிதிகட்டையில் இருக்கிறதா, பக்கத்தில் தொங்குகிறதா, எனக்கு விளங்கவில்லை. குனியப் போனேன். குட்டு ஞாபகம் வந்து பாவையே பார்த்துக்கொண்டு, மிதிப்பதாக நினைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பாவு வாயைத் திறந்தது.

"நாடாவப் போடுங்க காக்கா," என்றான் தம்பி. "என்ன பாத்துட்டிருக்கீங்க?"