எதிர்வீட்டுக் கேமராவில் என்ன தெரிகிறது?

புதுச்சேரி ஜிப்மர் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி, 12 ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு, திண்டிவனம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவுக்குள் நடந்தேன். கோரிமேட்டில் இப்போது எந்தத் தெருவுக்குப் போனாலும் கேமரா. நான் தேடிப்போனது, மாடி சன்ஷேடுக்கு அடியில் எதிர்வீட்டைப் பார்த்தபடி இருந்தது. தெருவைக் காலால் அளந்தேன். 16 அடி தேறும்.

"மொட்டை மாடியில துணி காயப்போடக்கூட கூச்சமா இருக்கு சார்" என்றார் எதிர்வீட்டு அக்கா. கேமரா வைத்திருப்பவர் ஓய்வுபெற்ற பெரியவர். "ரோடு மட்டும்தான் தம்பி தெரியும். ஸ்கூட்டர் திருடுபோச்சு, அதான் மாட்டினேன்" என்றார். படத்தையே காட்டுங்கள் என்றேன். தயங்கித்தான் செல்போனை நீட்டினார்.

மாடி தெரியவே இல்லை. ஆனால் ரோடும் கால்வாசிதான். மீதியெல்லாம் எதிர்வீடு: கேட், திண்ணை, திறந்திருந்த ஜன்னல், அதற்குள் கட்டிலின் ஓரம், ஆணியில் தொங்கும் நைட்டி. ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டேன். எதிர்வீட்டுக் குக்கர் விசில் போனில் கேட்டது. கேமராவில் மைக் இருப்பதே பெரியவருக்குத் தெரியாது.

இந்தத் தெருவுக்குச் சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஆனால் 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் சொந்த வீட்டுத் தேவைக்குச் செய்வதை விட்டுவிடுகிறது. பாதுகாப்பு என்ற பெயரில் பக்கத்து வீட்டை நோட்டம் விடக்கூடாது என்று அதே ஆண்டு கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. இந்த ஊரை 1954 வரை ஆண்ட பிரான்சில், இன்று வீட்டுக்காரர் தன் மனைக்குள் மட்டுமே படம் பிடிக்கலாம்; தெருவைக்கூடப் பிடிக்க முடியாது. நமக்கும் அப்படி ஒரு தெளிவான வரி வேண்டும்.

மெயின் ரோட்டுக் கடையிலிருந்து கேமரா மாட்டும் பையன் வந்தான். வந்து போக 300 ரூபாய். மைக்கை அணைத்தான், ஜன்னல் மேல் கறுப்புக் கட்டம் போட்டான். அதை ஆப்பில் யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாமே என்றேன். ஏணி வைத்து ஏறி, திருகைத் தளர்த்திக் கேமராவையே கீழே சாய்த்தான். இப்போது படத்தில் பெரியவரின் வாசலும் பாதி ரோடும்தான். முன்பு புள்ளியாக இருந்த ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டையும் படிக்க முடிந்தது.

அக்கா செல்போனை வாங்கிப் பார்த்தார். "பாஸ்வேர்டு யார் யார்கிட்ட இருக்கு அண்ணே?"

பெரியவரிடம், வெளிநாட்டில் இருக்கும் மகனிடம், முதலில் மாட்டிய ஆளிடம். அவர் போட்ட பாஸ்வேர்டே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அங்கேயே மாற்றினார்கள். கார்டில் கிடந்த பழைய பதிவுகளை அழித்து முடிக்கும்வரை அக்கா படியை விட்டு இறங்கவில்லை.